மூன்றரை மாத நெல்லின் செக்கன்கள்: ஒரு பெரிய எண்ணைக் கையால் ஆராயும் வழி

வன்னியில் நெல்லினங்களை அவற்றின் வயதைக் கொண்டு அழைப்பது வழக்கம். மூன்று மாத நெல், மூன்றரை மாத நெல், நாலு மாத நெல் என்று சொன்னால் எந்தக் கமக்காரருக்கும் விளங்கும். இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் சிறுபோகத்துக்கு எதை விதைப்பது என்ற பேச்சு, குளத்தில் நிற்கும் தண்ணீர் எத்தனை நாளுக்குக் காணும் என்ற கணக்கில்தான் வந்து முடியும். மூன்றரை மாதத்தை 105 நாட்கள் என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 செக்கன்கள் என்பதால், விதைப்பிலிருந்து அரிவு வெட்டு வரை அந்த நெல் வயலில் நிற்கும் காலம் 105 × 86,400, அதாவது 9,072,000 செக்கன்கள் ஆகும்.

எண் கோட்பாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் ஒரு பெரிய எண்ணை எந்த ஒழுங்கில் ஆராய வேண்டும் என்பதை இந்த எண்ணைக் கொண்டே காட்டப்போகிறேன். கிளிநொச்சியில் மாலை வகுப்புகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, ஏழு இலக்கங்களைக் கண்டவுடன் பிள்ளைகளின் கை கைத்தொலைபேசியைத் தேடுவது நன்றாகத் தெரியும். கைத்தொலைபேசி விடையைத் தரும். அந்த விடை ஏன் வந்தது என்பதைத் தராது. ஒரு முறை முதன்மைக் காரணிகளாகப் பிரித்துவிட்டால், அந்த எண்ணின் பண்புகளில் பெரும்பாலானவற்றை வேறு தேடலின்றி அந்த ஒற்றை வரியிலிருந்தே எடுத்துவிடலாம் என்பதுதான் நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வது.

தேவையான பொருட்கள்

ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி, பென்சில், 200 வரையான முதன்மை எண்களின் அட்டவணை ஆகியவை போதும். தமிழகத்தில் பகா எண் என்று அழைக்கப்படுவதையே எமது பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. அட்டவணையை யாரிடமும் கேட்டு வாங்காமல் நீங்களே செய்துகொள்ளுங்கள். 2 முதல் 200 வரை எழுதி, 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றை விட்டு அவற்றின் மடங்குகளை மாத்திரம் வெட்டிவிட்டால் எஞ்சும் 46 எண்களும் முதன்மை எண்களே. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எரதொஸ்தனீசின் பெயரால் வழங்கும் இந்தச் சல்லடை முறையில் 13 உடன் நிறுத்திவிடலாம். அடுத்த முதன்மை எண்ணாகிய 17 இன் வர்க்கம் 289, அது 200 ஐத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு படியையும் அழிக்காமல் தாளில் வைத்திருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் கொப்பியில்லாமல் மணலில் குச்சியால் எழுதிப் படித்த எங்கள் தலைமுறைக்கு, நேற்றுச் செய்த கணக்கை இன்று திரும்பிப் பார்க்க முடிவதன் அருமை தெரியும்.

முதலாம் படி: எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறோமா?

பாடசாலையில் இதை ஒன்பது மில்லியன் எழுபத்தீராயிரம் என்போம்; வயலில் நிற்கும் பெரியவர் தொண்ணூறு இலட்சத்து எழுபத்தீராயிரம் என்பார். இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுதும்போது 7 உம் 0 உம் இடம் மாறி 9,702,000 ஆகிவிட்டால் அதன் பின் செய்யும் வேலை எல்லாம் வீண். ஆகவே பெருக்கலை முதலில் சோதியுங்கள்.

பலருக்கும் தெரிந்த சோதனை, இலக்கங்களைக் கூட்டி 9 ஆல் வகுத்த மீதியைப் பார்ப்பது. 9 + 0 + 7 + 2 = 18 என்பதால் மீதி 0. ஆனால் இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால், பிழையான 9,702,000 உம் இந்தச் சோதனையில் தேறிவிடும். எனவே 11 ஆல் சோதிப்பதை நான் வற்புறுத்துவேன். வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால், 0 − 0 + 0 − 2 + 7 − 0 + 9 = 14; அதை 11 ஆல் வகுக்க மீதி 3. மறுபுறத்தில் 105 ஐ 11 ஆல் வகுக்க மீதி 6, 86,400 ஐ வகுக்கவும் மீதி 6. இவற்றின் பெருக்கம் 36, அதன் மீதியும் 3. இரண்டும் பொருந்துகின்றன. இடம் மாறிய 9,702,000 ஐ இதே முறையில் சோதித்தால் மீதி 0 என்று வந்து பிழை உடனே பிடிபடும்.

இரண்டாம் படி: முதன்மைக் காரணிகள்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. மூன்று பூச்சியங்களை முதலில் கழற்றுங்கள்: 9,072,000 = 9,072 × 1,000. இதில் 1,000 என்பது 2³ × 5³. அடுத்து 9,072 இன் இலக்கக் கூட்டுத்தொகை 18 என்பதால் அது 9 ஆல் வகுபடும், ஈவு 1,008. அதன் கூட்டுத்தொகை 9 என்பதால் மீண்டும் 9 ஆல் வகுக்க 112 வரும். 112 = 16 × 7. எல்லாவற்றையும் சேர்த்தால்,

9,072,000 = 2⁷ × 3⁴ × 5³ × 7

என்று கிடைக்கும். ஒரு வழியில் வந்த விடையை இன்னொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். எண் எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ப் பாருங்கள்: 105 = 3 × 5 × 7, 86,400 = 2⁷ × 3³ × 5². இரண்டையும் பெருக்கினால் அதே வரிதான் வருகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, தரப்பட்ட எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா என்று தேடினார். எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்து, எஞ்சுவது நிறைவர்க்கமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று கூட்டி மீண்டும் பார்க்க வேண்டும். 3,011² = 9,066,121, அது எமது எண்ணைவிடச் சிறியது. 3,012² = 9,072,144. கழித்தால் 144, அது 12². முதல் முயற்சியிலேயே காரியம் முடிந்துவிட்டது: 9,072,000 = 3,012² − 12² = (3,012 − 12) × (3,012 + 12) = 3,000 × 3,024. இந்த எண்ணை நான் நெல்லுக்காகத் தெரிவு செய்தேனே தவிர இதற்காக அல்ல. முதன்முதலில் இதைக் கண்டபோது பென்சிலை வைத்துவிட்டுச் சற்று நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் இப்படி உடனே அமையாது. 1643 இல் ஃபெர்மா 2,027,651,281 என்ற எண்ணை இதே முறையில் 44,021 × 46,061 என்று பிரித்தார்; அங்கே 45,030 இல் தொடங்கி 45,041 வரை பன்னிரண்டு எண்களைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டையும் ஒரு முறை நீங்கள் கையால் செய்து பார்த்தால் முறை மனதில் நின்றுவிடும்.

மூன்றாம் படி: எத்தனை காரணிகள்?

1, 2, 3, 4, 5 என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகாதீர்கள். 9,072,000 இன் எந்தக் காரணியும் 2, 3, 5, 7 ஆகியவற்றால் மாத்திரமே ஆனது. அதில் 2 ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஏழு வரை இருக்கலாம். ஆகவே 8 தெரிவுகள். அவ்வாறே 3 க்கு 5 தெரிவுகள், 5 க்கு 4, 7 க்கு 2. மொத்தம் 8 × 5 × 4 × 2 = 320 காரணிகள். இங்கே இரண்டு பிழைகளை அடிக்கடி காண்கிறேன். ஒன்று, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டி 19 என்று எழுதுவது. மற்றது, ஒன்றும் எடுக்காமல் விடும் தெரிவை மறந்து 7 × 4 × 3 × 1 = 84 என்று எழுதுவது. 1 என்ற காரணி, நான்கு முதன்மை எண்களில் ஒன்றையும் எடுக்காத தெரிவிலிருந்தே பிறக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தால் இரண்டாவது பிழை வராது.

இந்த 320 காரணிகளும் 160 சோடிகளாக அமையும்; ஒவ்வொரு சோடியின் பெருக்கமும் 9,072,000. அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சோடி மேலே கண்ட 3,000 உம் 3,024 உம் ஆகும்.

காரணிகளுள் ஒன்று தனியாகக் கவனிக்கத் தக்கது. 105 நாட்களை மணித்தியாலங்களாக்கினால் 105 × 24 = 2,520. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இதுவே, அதாவது 1 முதல் 10 வரையானவற்றின் பொது மடங்குகளுட் சிறியது. ஒரு வாய்க்காலின் கீழ் பத்துக் காணிகளுக்கு உட்பட்டு எத்தனை காணிகள் இருந்தாலும், இந்த 2,520 மணித்தியாலங்களை முழு மணித்தியாலங்களாகச் சமமாகப் பங்கிட்டு நீர் முறை வைக்கலாம். பதினோராவது காணி வந்து சேர்ந்தால் மாத்திரம் ஒரு மணித்தியாலம் மிஞ்சும். உண்மையில் குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு போகம் முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதும், காணிகள் ஒரே அளவானவை அல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பங்கீடு என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இன்னும் அகப்படவில்லை.

2,520 க்கு 48 காரணிகள் உள்ளன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களைப் பற்றி, 1887 இல் ஈரோட்டில் பிறந்த இராமானுசன் 1915 இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த வரிசையில் 9,072,000 க்கு இடமில்லை. அதைவிடச் சிறிய 8,648,640 க்கு 448 காரணிகள் உண்டு. அதன் பிரிப்பு 2⁶ × 3³ × 5 × 7 × 11 × 13 என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒரே முதன்மை எண்ணை மீண்டும் மீண்டும் எடுப்பதைவிட, 11, 13 என்ற புதிய முதன்மை எண்கள் ஒவ்வொன்றும் காரணிகளின் தொகையை ஒரேயடியாக இரு மடங்காக்குகின்றன. எமது எண்ணோ 5 ஐ மூன்று தடவை வைத்திருக்கிறது.

நான்காம் படி: காரணிகளின் கூட்டுத்தொகை

முந்நூற்றிருபது எண்களைக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் அதன் அடுக்குகளைத் தனியே கூட்டிப் பின்னர் பெருக்கினால் போதும். 1 + 2 + 4 + … + 128 = 255. 1 + 3 + 9 + 27 + 81 = 121. 1 + 5 + 25 + 125 = 156. 1 + 7 = 8. பெருக்கம் 255 × 121 × 156 × 8 = 38,507,040. இதிலிருந்து எண்ணையே கழித்தால், தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை 29,435,040 என்று வருகிறது. இந்தக் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதாயின் அது மிகை எண், சிறிதாயின் குறை எண். இங்கே அது மூன்று மடங்குக்கும் மேல் என்பதால் 9,072,000 ஒரு மிகை எண் ஆகும்.

ஐந்தாம் படி: நிறைவர்க்கத்துக்கு எவ்வளவு தூரம்?

நிறைவர்க்கத்தில் ஒவ்வொரு சுட்டியும் இரட்டையாக இருக்கும். எமது சுட்டிகள் 7, 4, 3, 1. ஒற்றையாக நிற்பவை 2, 5, 7 ஆகியவற்றின் சுட்டிகள் என்பதால், 2 × 5 × 7 = 70 ஆல் பெருக்கினால் நிறைவர்க்கம் கிடைக்கும்: 635,040,000 = 25,200². சாதாரண தர மாணவர்களுக்குப் பழகிய வினாதான் இது. மறுபுறமாக 70 ஆல் வகுத்தால் 129,600, அது 360². ஆகவே 9,072,000 = 360² × 70.

ஆறாம் படி: அயல் எண்ணைப் பாருங்கள்

பெரும்பாலான பாடங்கள் விட்டுவிடும் படி இது. எமது எண்ணுக்கு ஒன்று குறைந்த 9,071,999 ஐ எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்க முடியாது. இருந்தால் அது அவற்றின் வித்தியாசமாகிய 1 ஐயும் வகுக்க வேண்டும். எனவே 2, 3, 5, 7 நான்கையும் சோதிக்காமலே தள்ளிவிடலாம். 11 ஆல் வகுக்க மீதி 2, 13 ஆல் வகுக்க மீதி 1. 17 ஆல் வகுத்தால் மீதியின்றி 533,647 கிடைக்கும். இங்கே பலர் 17 ஐ விட்டுவிட்டு 19 க்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள், வகுத்த எண்ணாலேயே மறுபடியும் வகுத்துப் பாருங்கள். 533,647 ÷ 17 = 31,391, மீண்டும் மீதியில்லை. மூன்றாம் தடவை வகுத்தால் மீதி 9.

எஞ்சியிருக்கும் 31,391 முதன்மை எண்ணா? 177² = 31,329, 178² = 31,684. ஆகவே 177 வரையான முதன்மை எண்களால் மாத்திரம் சோதித்தால் போதும். அதற்கு மேற்பட்ட ஒரு காரணி இருந்தால், அதன் சோடி 177 க்குக் கீழேயே அகப்பட்டிருக்கும். 173 வரை 40 முதன்மை எண்கள் உள்ளன. முதல் ஆறும் ஏற்கெனவே தள்ளப்பட்டுவிட்டன. மிஞ்சுவது 34 வகுத்தல்கள். 17 க்கானதை இப்போதுதான் செய்தோம் என்பதால் இனி 33. ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை. அதை முழுதாகச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வழியில் 43 ஆலும் 73 ஆலும் வகுக்கும்போது மீதி 1 வரும், ஏனெனில் 31,390 = 10 × 43 × 73. 109 இல் ஒன்று குறையும், ஏனெனில் 109 × 288 = 31,392. மற்றவை இவ்வளவு நெருங்கி வருவதில்லை. ஒன்றும் வகுக்காததால் 31,391 முதன்மை எண்; 9,071,999 = 17² × 31,391.

இதற்குள்ள காரணிகள் 3 × 2 = 6 மாத்திரமே. 1, 17, 289, 31,391, 533,647, பின்னர் அதுவே. ஒரு செக்கன் குறைந்ததும் 320 காரணிகள் ஆறாகிவிட்டன. தன்னைத் தவிர்ந்தவற்றைக் கூட்டினால் 565,345 தான் வருகிறது. எனவே இது ஒரு குறை எண். பெருமளவில் ஒத்த இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், ஒன்றைப் பிரிக்க ஐந்து நிமிடமும் மற்றதைப் பிரிக்க ஒரு மாலையும் செல்கிறது என்றால், வேறுபாடு எண்ணின் பருமனில் இல்லை. அதன் மிகப் பெரிய முதன்மைக் காரணியில் இருக்கிறது. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்ப, இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஒரு மறையீட்டு முறை இந்தக் கடினத்தின் மீதே நிற்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977 இல் வகுத்த அந்த முறையில் இரண்டு மிகப் பெரிய முதன்மை எண்களின் பெருக்கம் வெளியே தெரியும், காரணிகள் தெரியா. அதற்கான சவால் எண்களுள் 250 இலக்கங்கள் கொண்ட ஒன்றைப் பல கணினிகளைச் சேர்த்து 2020 இல்தான் பிரிக்க முடிந்தது.

ஏழாம் படி: பொதுக் காரணி அற்றவை எத்தனை?

1 முதல் 9,072,000 வரையான எண்களுள், 9,072,000 உடன் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று கேட்பது கணிதவியலாளர் ஒயிலரின் வழி. 1763 இல் வெளியான அவரது ஆய்வில் இதைக் காணலாம். மேலே சொன்ன மறையீட்டு முறையின் அடித்தளமும் இதுதான்.

விதைநெல்லைப் புடைப்பது போலப் படிப்படியாகச் செய்யுங்கள். 2 இன் மடங்குகளை நீக்கினால் பாதி போய் 4,536,000 மிஞ்சும். அவற்றுள் 3 இன் மடங்குகள் மூன்றிலொன்று, நீக்க 3,024,000. 5 இன் மடங்குகளாகிய ஐந்திலொன்றை நீக்க 2,419,200. கடைசியாக 7 இன் மடங்குகளாகிய ஏழிலொன்றை நீக்க 2,073,600. சுட்டிகள் எத்தனை பெரியவை என்பது இங்கே ஒரு பொருட்டல்ல. எந்த முதன்மை எண்கள் இருக்கின்றன என்பதே இந்த விகிதத்தைத் தீர்மானிக்கிறது. மொத்த விகிதம் 35 இல் 8.

இப்போது 2,073,600 இன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். அது 1,440, மீதியின்றி. ஒரு நாளில் உள்ள நிமிடங்களின் எண்ணிக்கையும் 1,440 தான். இது தற்செயலா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். விடையை உடனே சொல்லாமல், மூன்று மாத நெல்லுக்கும் இதே கணக்கைச் செய்துகொண்டு வரும்படி சொன்னேன். நீங்களும் செய்யுங்கள். 90 × 86,400 = 7,776,000 = 2⁸ × 3⁵ × 5³. பாதி 3,888,000, மூன்றிலொன்று போக 2,592,000, ஐந்திலொன்று போக 2,073,600. அதே எண்!

நாட்களில் கணக்கிட்டால் முடிச்சு அவிழும். 105 நாட்களில் 35 இல் 8 பங்கு என்பது 24 நாட்கள். 90 நாட்களில் 15 இல் 4 பங்கு என்பதும் 24 நாட்கள். ஏழு என்ற முதன்மை எண் மூன்றரை மாத நெல்லில் இருப்பதால் அங்கே ஏழிலொன்று கூடுதலாகக் கழிகிறது. 105 இல் ஏழிலொன்றாகிய 15 ஐக் கழித்தால் 90. ஆக, இரண்டு நெல்லுக்கும் எஞ்சுவது 24 நாட்களின் செக்கன்கள்தான். ஒரு நாளில் 24 மணித்தியாலங்கள் இருப்பதால் 24 × 24 × 60 × 60 என்று ஒவ்வோர் எண்ணும் இரு தடவை வந்து நிறைவர்க்கமாகிவிடுகிறது. நாலு மாத நெல்லின் 120 நாட்களில் 15 இல் 4 பங்கு 32 நாட்கள்; எஞ்சுவது 2,764,800 = 2¹² × 3³ × 5². அதில் 3 இன் சுட்டி ஒற்றையாக இருப்பதால் அது நிறைவர்க்கமன்று.